கடைசி சீட்டுக்குப் போய்ப் பாருங்கள்!

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கப் போகிறவர்களை என்றைக்காவது ஓரமாக நின்று கவனித்திருக்கிறீர்களா? எல்லா ஊர் கார் கன்சல்டிங்கிலும் ஒரே நாடகம்தான். அப்பா முதலில் டயரை ஓர் உதை விடுவார். அடுத்து பானெட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே உற்றுப் பார்ப்பார். என்ன பார்க்கிறார் என்று அவருக்கும் தெரியாது, இன்ஜினுக்கும் தெரியாது. அப்புறம் டிரைவர் சீட்டில் ஏறி, ஸ்டீயரிங்கைப் பிடித்து, “உசரமா உக்காந்தா ரோடு எவ்ளோ நல்லா தெரியுது பாரு” என்பார். அம்மா ஏ.ஸி. காற்று வருகிறதா என்று கை நீட்டிப் பார்ப்பார். பையன் பாட்டுப் பெட்டியில் ப்ளூடூத் இருக்கிறதா என்று தேடுவான். கன்சல்டிங்காரர் தன் வசனத்தைச் சரியான நேரத்தில் எடுத்து விடுவார்: “டாக்டர் வெச்சிருந்த வண்டி சார். சிங்கிள் ஓனர்!”

அவ்வளவுதான், அட்வான்ஸ் கைமாறிவிடும். பாட்டி உட்காரப் போகிற கடைசி வரிசையை யாருமே எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

என் புகார் இதுதான். நம் ஊரில் எஸ்.யு.வி. பற்றி வருகிற விமர்சனம், விளம்பரம், டீக்கடைப் பேச்சு எல்லாமே டிரைவர் சீட்டில் உட்கார்ந்தே சொல்லப்படுகின்றன. பிக்கப் எப்படி, கண்ட்ரோல் எப்படி, முன்முகம் எவ்வளவு கம்பீரம்! விளம்பரத்தைப் பாருங்கள். கூலிங்கிளாஸ் போட்ட ஒருத்தர் மட்டும் தனியாக மலை உச்சிக்கு ஓட்டிப் போகிறார். ஏழு சீட்டு வண்டியில் ஒரே ஆள்! நீங்கள் அப்படியா போகப் போகிறீர்கள்? குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்கோ, மூணாறுக்கோ, தங்கச்சி வீட்டு வளைகாப்புக்கோதானே போவீர்கள்? ஓட்டுகிறவர் ஒருத்தர், உட்கார்ந்து வருகிறவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரின் கருத்தைக் கேட்காத விமர்சனம், பால்கனியில் மட்டும் உட்கார்ந்து பார்த்துவிட்டு மொத்தத் தியேட்டருக்கும் மார்க் போடுகிற மாதிரி.

அதனால் இந்த வாரம் பின்னாலிருந்து பார்ப்போம்.

பெரிய வண்டி என்பது நம் மாநிலத்தில் ரொம்ப நாளாகத் தலை எண்ணிக்கை சம்பந்தப்பட்ட விஷயமாகத்தான் இருந்தது. 1994-ல் டாடா சுமோ வந்தது. 2000-ல் டொயோட்டா குவாலிஸ், 2002-ல் மஹிந்திரா ஸ்கார்ப்பியோ, 2004-ல் செவ்ரோலெட் டவேரா, 2005-ல் குவாலிஸை ஓரங்கட்டிவிட்டு இன்னோவா. “எத்தனை பேர் போலாம்?” என்பதுதான் முதல் கேள்வி. “பத்துப் பேர் தாராளமா” என்பதுதான் பதில். அந்தப் பத்தில் நாலு பேர் எங்கே உட்கார்ந்தார்கள்? பின்னால் எதிரும் புதிருமாகப் போட்ட பெஞ்சில். சுமோ, பொலேரோ, குவாலிஸ், பழைய ஸ்கார்ப்பியோ எல்லாவற்றிலும் சில மாடல்களில் இந்த பெஞ்ச் உண்டு. ஷேர் ஆட்டோ பாணி.

சின்ன வயதில் அதில் முட்டியும் முட்டியும் இடிக்க, ஜன்னல் பக்கம் யார் என்று சண்டை போட்டுக்கொண்டு போன சந்தோஷம் எல்லோருக்கும் இருக்கும். ஆனால் சந்தோஷம் வேறு, இயற்பியல் வேறு. வண்டி முன்னால் மோதினால் எல்லோருடைய உடம்பும் முன்பக்கம் பாயும். நேராக உட்கார்ந்தவருக்கு பெல்ட் நெஞ்சைப் பிடிக்கும். பக்கவாட்டில் உட்கார்ந்தவர் இடுப்பிலிருந்து முறுக்கிக்கொண்டு பக்கத்தில் இருப்பவர் மேல் விழுவார். அப்படி உட்கார்ந்தவரைச் சரியாகப் பிடிக்கிற மாதிரி பெல்ட் போடுவதும் கஷ்டம். பழைய வண்டிகளில் பெல்ட்டே கிடையாது. பின்னால் லாரி வந்து மோதினால், முதல் தகடு அவர்கள் முதுகுக்கு இந்தப் பக்கம்தான்.

இது ஏதோ பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2021-ல் வந்த பொலேரோ நியோவிலும் கடைசி வரிசை இதே பக்கவாட்டு பெஞ்ச்தான். 2024-ல் குளோபல் என்கேப் அமைப்பு அந்த வண்டியை மோதிப் பார்த்து, அஞ்சுக்கு ஒரே ஒரு ஸ்டார் கொடுத்தது. கிராமத்து ரோட்டுக்கு அசராத வண்டிதான், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ராத்திரியில் நாலு வழிச்சாலையில் நானூறு கிலோமீட்டர் போவதற்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சரி, நேராகப் பார்க்கிற கடைசி சீட்டு உள்ள வண்டிகளுக்கு வருவோம்.

இன்னோவாவில் இருந்து ஆரம்பிக்கலாம். இந்த ஒரு பெயரில் செகண்ட் ஹேண்ட் சந்தையில் மூன்று தனித்தனி வண்டிகள் விற்கின்றன என்பதை முதலில் மனதில் வையுங்கள். 2005-ல் வந்தது முதல் இன்னோவா. 2016-ல் வந்தது கிரிஸ்டா. 2022 கடைசியில் வந்தது ஹைகிராஸ். முதல் இரண்டும் லாரி மாதிரி கீழே சேஸிஸ் உள்ள, பின்சக்கரம் இழுக்கிற வண்டிகள். மூன்றாவது, கார் மாதிரி உடம்பும் சட்டமும் ஒன்றான, முன்சக்கரம் இழுக்கிற வண்டி. மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. கடைசி வரிசையில் பெரியவர்கள் உட்காரலாம். கூரையிலிருந்து காற்று வரும். முட்டி வாய்க்குப் போகாது. டிராவல்ஸ்காரர்கள் இருபது வருடமாக இதைக் கட்டிக்கொண்டு அழுவதற்குக் காரணம் பிராண்ட் மோகம் மட்டுமில்லை. கடைசி சீட்டில் வந்தவரும் வாயைத் திறக்காமல் இறங்குகிறார் என்பதுதான்.

ஃபார்ச்சூனரைப் பாருங்கள். முன்னாலிருந்து பார்த்தால் எம்.எல்.ஏ., பின்னாலிருந்து பார்த்தால் எல்.கே.ஜி. பெஞ்ச். உயரமான சேஸிஸ் மேலே தரை போட்டிருப்பதால், கடைசி வரிசையில் தரைக்கும் சீட்டுக்கும் இடைவெளி கம்மி. குத்தவைத்து உட்காருகிற நிலைதான். ஃபோர்டு எண்டவரிலும் ஏறக்குறைய இதே கதை. எக்ஸ்.யு.வி. 500 (2011-ல் வந்தது) ஓட்டுகிறவருக்கு சொகுசு. ஆனால் கடைசி வரிசை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத்தான். எஸ்.யு.வி. என்ற மூன்று எழுத்துகளை மட்டும் மறக்க முடிந்தால், 2012-ல் வந்த மாருதி எர்டிகாவின் மூன்றாம் வரிசை, அதைவிட இரண்டு மடங்கு விலையுள்ள பல ஜம்பவான்களைவிட உருப்படியாக இருக்கும்.

ஒன்று கவனித்தீர்களா? கம்பீரம் ஏற ஏற, கடைசி சீட்டு இறங்கிக்கொண்டே போகிறது!

இன்னொரு விஷயம், ஏழு பேர் உட்கார்ந்த பிறகு பெட்டிகள் எங்கே போகும்? கடைசி சீட்டை நிமிர்த்தி வைத்துவிட்டு டிக்கியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் இரண்டு பெட்டிக்கு மேல் போகாது. மீதி எல்லாம் கூரைக்கு மேல். தார்ப்பாய், கயிறு, ஏகப்பட்ட காற்றுத் தடை. ஏழு சீட்டு வண்டி என்பது பல சமயம் அஞ்சு பேரும் சாமானும் போகிற வண்டிதான். விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார். அதனால், வண்டி பார்க்கப் போகும்போது வீட்டிலிருந்து ஊருக்கு எடுத்துப் போகிற பெட்டிகளையும் எடுத்துப் போங்கள். கன்சல்டிங்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

அப்புறம் பெல்ட். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தபோது, அவர் உட்கார்ந்திருந்தது பின்சீட்டில். பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸ் சொன்னது. வந்தது விலை உயர்ந்த வெளிநாட்டுச் சொகுசு வண்டி. அந்தச் செய்தி வந்த ஒரு வாரம் எல்லோரும் பின்சீட்டு பெல்ட்டைத் தேடினோம். பல வண்டிகளில் அது சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடந்தது! செகண்ட் ஹேண்ட் வண்டியில் ஒவ்வொரு சீட்டிலும் உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து, மாட்டி, கழற்றிப் பாருங்கள். தலைக்குப் பின்னால் ஹெட்ரெஸ்ட் இருக்கிறதா, இல்லை, பார்க்கிற அழகுக்காகக் கழற்றி வீட்டுப் பரணில் போட்டுவிட்டார்களா என்று பாருங்கள். புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரல் முதலும், டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலை முதலும் கட்டாயமாயின. அதற்கு முந்தைய வண்டி என்றால், அந்த மாடலில் இவை இருந்தனவா என்று கேட்டே ஆக வேண்டும். 2016-ல் குளோபல் என்கேப் சோதித்த ஏர்பேக் இல்லாத ஸ்கார்ப்பியோவுக்குக் கிடைத்தது பூஜ்யம். 2022-ல் ஸ்கார்ப்பியோ-என் வாங்கியது அஞ்சு ஸ்டார். பெயர் ஒன்றாக இருப்பதால் ஸ்டாரும் ஒன்று என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

அடுத்தது ஓட்டிப் பார்ப்பது. நாம் என்ன செய்கிறோம்? தனியாக ஏறி, கன்சல்டிங்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பைபாஸ் வரை போய்த் திரும்புகிறோம். காலி வண்டி எல்லாமே சிட்டாகப் பறக்கும்! ஏழு பேரும் பெட்டியும் ஏறினால் கிட்டத்தட்ட அரை டன். அந்த அரை டன்னோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறையின் 40 வளைவு ஏறுவதும் இறங்குவதும் வேறு சோதனை. ஏறும்போது கிளட்ச் வழுக்கினால் ஒரு கருகல் வாடை வரும். இறங்கும்போது பிரேக் சூடாகும். பின் சஸ்பென்ஷன் தளர்ந்திருந்தால் கடைசி சீட்டுக்காரருக்குத்தான் முதலில் தெரியும், அதாவது வாந்தி வரும்.

எனவே வீட்டில் இருக்கிற எல்லோரையும் ஏற்றுங்கள். பாட்டியையும்தான். அரை மணி நேரம், ஸ்பீடு பிரேக்கர் நிறைய உள்ள ரோட்டில் ஓட்டச் சொல்லிவிட்டு, வாங்கப் போகிற நீங்கள் கடைசி சீட்டில் உட்காருங்கள். “அதெல்லாம் வழக்கமில்ல சார்” என்று சொல்கிறவரிடம் வண்டி வாங்குவது உங்களுக்கு வழக்கமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

இப்போது வண்டியின் பின்புறத்துக்கே வருவோம். அங்கே ஒரு கொக்கி இருக்கும். இரும்புக் குழாய், நுனியில் பளபளவென்று ஒரு குண்டு. நம் ஊர் டிராஃபிக்கில் நிற்கிற எஸ்.யு.வி.க்களில் பாதிக்கு இது உண்டு. இது எதற்கு என்று கேட்டால், “பைக்காரன் வந்து இடிச்சா பம்பர் தப்பிக்கும் சார்” என்பார்கள். உண்மையில் அது டிரெய்லர் இழுக்கிற கொக்கியின் நகல். இழுப்பதற்காகப் போட்டவர்கள் ரொம்பக் குறைவு. பம்பரைக் காப்பாற்றுவதற்காக அதைப் போட்டால், பின்னால் இடிக்கிறபோது அந்த அடி நேராக சேஸிஸுக்குப் போகும். இடிக்கிற பைக்காரரின் முட்டி என்ன ஆகும் என்பதை யாரும் கேட்பதில்லை. முன்பக்கம் மாட்டுகிற இரும்பு கார்டுகளுக்கு மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடை சொல்லிவிட்டது. பின்கொக்கி மட்டும் ஆக்ஸஸரீஸ் கடைகளில் ஜோராக விற்கிறது.

ஆனால் நிஜமாகவே இழுக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கும் கோவை கரி ஸ்பீட்வேக்கும் பைக்கை டிரெய்லரில் ஏற்றிப் போகிறவர்கள், படகு வைத்திருப்பவர்கள், ஜெனரேட்டர் இழுக்கிற பந்தல்காரர்கள், உணவுக்கடை டிரெய்லர் நடத்துகிறவர்கள். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு கேரவன் கனவு காண்கிற புதுத் தலைமுறையும் சேர்ந்திருக்கிறது. அவர்கள் கேட்கிற கேள்வி: “எந்த வண்டி எவ்ளோ இழுக்கும்?”

ஆஸ்திரேலியாவில் ஃபார்ச்சூனர், எவரெஸ்ட் (நம் எண்டவருக்கு அங்கே அதுதான் பெயர்) எல்லாம் சுமார் 3 டன் இழுக்கும் என்று எழுதியே விற்கிறார்கள். அந்த எண்ணை அப்படியே இங்கே தூக்கிக்கொண்டு வராதீர்கள். அது, தனக்கென்று பிரேக் உள்ள டிரெய்லருக்கான எண். பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் அதே வண்டிகளுக்கு அங்கே 750 கிலோதான் எல்லை. நம் ஊர்ப் பட்டறைகளில் வெல்டிங் பண்ணித் தருகிற டிரெய்லர்களில் பிரேக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் இழுக்கும் எடை போட்டிருந்தால் அதுதான் கணக்கு. போடவில்லை என்றால், அதை ‘எவ்வளவு வேண்டுமானாலும்’ என்று படிக்கக் கூடாது.

இன்னொரு சூட்சுமம். டிரெய்லர் ஒழுங்காகப் பின்தொடர வேண்டும் என்றால், அதன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். கம்மியானால் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளியும். அதாவது 1,500 கிலோ டிரெய்லர் மாட்டினால், உங்கள் வண்டியின் கடைசியில் 150 கிலோ உட்கார்ந்துவிட்டது. இரண்டு பெரியவர்களின் எடை! நெம்புகோல் மாதிரி பின்பக்கம் அழுந்தும்போது முன்பக்கம் லேசாகும். முன்சக்கரம் இழுக்கிற வண்டியாக இருந்தால் ஏற்றத்தில் பிடிமானம் குறையும். அதனால்தான் அடிக்கடி இழுக்க வேண்டியவர்களுக்குச் சேஸிஸும் பின்சக்கர இழுவையும் உள்ள பழைய இன்னோவா, கிரிஸ்டா, ஸ்கார்ப்பியோ, ஃபார்ச்சூனர் மாதிரி வண்டிகளைச் சொல்கிறார்கள். ஹைகிராஸும் எக்ஸ்.யு.வி. 500-ம் அந்தப் பட்டியலில் பின்னால் நிற்கும். எதுவானாலும், டிரெய்லர் மாட்டிய அன்றைக்கு கடைசி வரிசையை ஃபுல் பண்ணாதீர்கள். ஏழு பேரும் ஏறி, டிரெய்லரும் இழுக்கிற வண்டி விளம்பரத்தில்தான் ஓடும். டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டியின் ரகசியங்கள்கூட பின்பக்கம்தான் ஒளிந்திருக்கின்றன. முன்பக்கத்தை டிங்கரிங் பண்ணி, பாலிஷ் போட்டு, வாட்டர் வாஷ் கொடுத்து ஜோடித்துவிடலாம். கடைசி சீட்டுக்கு அடியில் யாரும் மெனக்கெடுவதில்லை. தரை விரிப்பைத் தூக்குங்கள். சீட் ஓடுகிற தண்டவாளத்தில் துரு இருக்கிறதா? பின்சீட்டு பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். முடிகிற இடத்தில் சேற்றுக் கோடு தெரிகிறதா? 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். அவற்றில் பல துடைத்துக் காயவைக்கப்பட்டு, வேறு ஊரில் ‘டாக்டர் வண்டி’ ஆகியிருக்கலாம். பின்பக்கம் கீழே குனிந்து சேஸிஸைப் பாருங்கள். கொக்கி மாட்டிக் கழற்றிய ஓட்டை, புது வெல்டிங் தடம், அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட்... வண்டி எதையோ இழுத்து உழைத்திருக்கிறது, இல்லை பின்னால் அடி வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். மீட்டர் எண்பதாயிரம் காட்டும்போது கடைசி சீட்டின் படிக்கட்டு ரப்பர் மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருந்தால், அது டாக்டர் ஏறி இறங்கிய தேய்மானம் இல்லை. மஞ்சள் போர்டாக ஓடி, வெள்ளை போர்டுக்கு மாறியதா என்று ஆர்.சி. பழைய விவரத்தில் பாருங்கள். ஃபைனான்ஸ் பாக்கி தீர்ந்ததற்கு என்.ஓ.சி., நிலுவை அபராதம், 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் பெயர் மாற்ற விண்ணப்பம்... இவை உங்களுக்கே தெரியும், ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

பி.காம். படித்தவன் கணக்குப் போடாமல் முடித்தால் படித்த காலேஜுக்கு மரியாதை இல்லை. ஒரு பேச்சுக்கு, 8 லட்சத்துக்கு வண்டி வாங்கி, 5 வருடம் கழித்து 5 லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். நஷ்டம் 3 லட்சம். அந்த 8 லட்சம் 7 சதவிகிதத்தில் பேங்கில் கிடந்திருந்தால் கிடைத்திருக்கும் வட்டி 2.80 லட்சம். இன்ஷூரன்ஸ் வருடம் 25,000 வீதம் 1.25 லட்சம். டயர், கிளட்ச், சர்வீஸ் வருடம் 40,000 வீதம் 2 லட்சம். மொத்தம் 9.05 லட்சம். வருடத்துக்கு 1.81 லட்சம். நீங்கள் வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டினால், டீசல் போடுவதற்கு முன்பே கிலோமீட்டருக்கு 12 ரூபாய். வருடத்துக்கு மூணு டூர், மொத்தம் 5,000 கிலோமீட்டர்தான் என்றால் 36 ரூபாய்! உங்கள் ஊர் டிராவல்ஸ் ரேட்டை விசாரித்துப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கணக்கு உங்கள் எண்களைப் போட்டால் மாறும். போடாமல் வாங்குவதுதான் தப்பு.

கணக்கில் வராத லாபமும் உண்டு, மறுக்கவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊரிலிருந்து போன் வந்தால், டிராவல்ஸுக்கு போன் போடாமல் மொத்தக் குடும்பமும் ஏறிக் கிளம்பலாம். அதற்கு விலை போட எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ராத்திரிப் பயணத்தில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டு வருவது கடைசி சீட்டில்தான். அதனால் நாளைக்குக் காலையில் வண்டி பார்க்கப் போனால், டிரைவர் கதவை விட்டுவிட்டு டிக்கி கதவை முதலில் திறக்கச் சொல்லுங்கள்.